ஒரே வகுப்பு, இரண்டு வீடுகள்

கேள்வி: எனக்கு வயது 46. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்து வருகிறேன். பணியிடத்தில் ஆறு வாரம் நடந்த ஊட்டச்சத்து வகுப்புக்குப் பிறகு, என்னோடு அமர்ந்து கேட்ட மேலதிகாரியின் உணவுப் பழக்கம் அடியோடு மாறிவிட்டது. குறைந்த சம்பளத்தில் இருக்கும் என்னால் பாதிகூடக் கடைப்பிடிக்க முடியவில்லை. குறை என்னிடமா?

பதில்: குறையை உங்கள் மன உறுதியில் தேட வேண்டாம். கலோரிக் கணக்கில் பார்த்தால் மாவும் சர்க்கரையும் எண்ணெயும் மலிவு. காயும் பழமும் விலை கூடியவை. வசதியுள்ளவர் புதிய காய் ஒன்றைச் சமைத்து, வீட்டில் யாரும் தொடாவிட்டால் கொட்டிவிட்டு, அடுத்த வாரம் வேறொன்றை முயன்று பார்க்கலாம். ஒரு புதிய சுவைக்குக் குழந்தைகள் பழகப் பத்து முறைகூடப் பரிமாற வேண்டியிருக்கும் என்பதால், எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் அத்தனை முறை வீணாக்கத் துணியாமல், பிள்ளைகள் மறுக்காத பழைய உணவுக்கே திரும்பிவிடுகிறார்கள். இதை அறியாமை என்று சொல்வது நியாயமில்லை.

இத்தாலியின் மொலிசே பகுதியில் ஏறத்தாழ 19,000 பேரைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், மத்தியதரைக்கடல் உணவுமுறையை (காய், பழம், பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய் மிகுந்த உணவு) ஒரே அளவில் கடைப்பிடித்தவர்களுள்ளும், கல்வியோ வருமானமோ மிகுந்தவர்களிடம் மட்டுமே இதயநோய் அபாயம் குறைந்திருந்தது. காய்கறி வகைகளிலும் சமைக்கும் முறையிலும் இருந்த வேறுபாடு காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.

ஆகவே, புதிதாக எதையும் வாங்காமல், குறைப்பதிலிருந்து தொடங்குங்கள். அதற்குச் செலவில்லை, இனிப்புப் பானங்களை விட்டால் பணம் மிச்சமும் ஆகும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பொட்டலத்தின் பின்புறம் உப்பு என்று இல்லாமல் சோடியம் என்று அச்சிட்டிருந்தால், அதை 2.5-ஆல் பெருக்குங்கள்: 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு, அதாவது ஒரு நாள் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பவற்றில் பெரும்பாலும் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகளை எடுத்தாலோ அது ஆபத்தாகலாம் என்பதால், உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் அதற்கு மாறாதீர்கள்.