பையில் பிடித்த சிறுநீரை நம்பலாமா?

கேள்வி: என் எட்டு மாதப் பெண் குழந்தைக்கு இரண்டு நாட்களாகக் காய்ச்சல். ஒட்டும் பையில் பிடித்துக் கொடுத்த சிறுநீரில் பலவகைக் கிருமிகள் வளர்ந்திருப்பதாகக் கூறி, மீண்டும் மாதிரி கேட்கிறார்கள். அது அவசியம்தானா?

பதில்: அவசியம்தான். தோலில் ஒட்டிய பையில் சிறுநீர் விழும்போது, மலவாயைச் சுற்றி இயல்பாகவே வாழும் கிருமிகளும் அதனுடன் கலந்துவிடுவதால், கல்ச்சர் (கிருமிகளை வளர்த்துப் பார்க்கும்) பரிசோதனையில் வளர்பவை சிறுநீர்ப்பையிலிருந்து வந்தவையா, தோலிலிருந்து வந்தவையா என்று பிரித்தறிய இயலாது. அத்தகைய மாதிரியில் எதுவுமே வளரவில்லை எனில் சிறுநீர்த் தொற்று இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். வளர்ந்தால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது சரியன்று.

வீட்டாரால் செய்யக்கூடியது, அவ்விடத்தை நீரால் கழுவித் துடைத்துவிட்டு, பாலூட்டியபின் காத்திருந்து, சிறுநீர்த் தாரையைக் கிருமிநீக்கிய டப்பாவில் நேரடியாகப் பிடிப்பதாகும். குளிர்ந்த உப்புநீரில் நனைத்த துணியால் அடிவயிற்றில் வட்டமாகத் தேய்த்தபோது, ஐந்து நிமிடத்துக்குள் நூற்றில் 31 குழந்தைகள் சிறுநீர் கழித்தனர் என்றும், தேய்க்காதபோது 12 பேரே கழித்தனர் என்றும் 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. டப்பாவின் உட்புறத்தில் விரல் படலாகாது; உடனே ஆய்வகத்தில் சேர்க்க இயலாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், ஏனெனில் அறை வெப்பத்தில் கிருமிகள் விரைந்து பெருகும்.

குழந்தை சோர்ந்திருந்தாலோ வாந்தியெடுத்தாலோ காத்திருக்க வேண்டாம். சிறுநீர்ப்பைக்குள் மெல்லிய குழாய் செலுத்தி மருத்துவமனையில் மாதிரி எடுப்பதற்கு இசையுங்கள். சற்று வலித்தாலும் அம்மாதிரி நம்பகமானது. எவ்வழியாயினும், ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.