போஸ்டரில் இருந்த முகம் அட்டையில் எங்கே போச்சு?

கேளுங்க சொல்றோம்: இந்த இதழில் சினிமா போஸ்டரும் சிடி அட்டையும்

கே: அப்பா வைத்திருந்த பழைய போஸ்டரையும் அதே படத்தின் விசிடி (வீடியோ சிடி) அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அட்டை ஏன் சார் இவ்வளவு மட்டமாக இருக்கிறது? (செவ்வாய்ப்பேட்டை வாசகர்)

ப: ஒரு ஸ்கேலை எடுங்கள், பாதி விடை கிடைத்துவிடும். நம் ஊர் போஸ்டரின் பொதுவான அளவு 30க்கு 40 அங்குலம். விசிடி டப்பாவின் முன்பக்கம் 12 செ.மீ. சதுரம். போஸ்டரை அகலம் குறையாமல் அதற்குள் வைத்தால் உயரத்தில் கால்வாசி வெளியே நிற்கும். அதை வெட்ட வேண்டும். வெட்டுப்படுவது பெரும்பாலும் கீழ்ப்பகுதி. ஓவியர் கையால் எழுதிய தலைப்பு இருப்பதும் அங்கேதான். அது போனதும் கம்ப்யூட்டரில் கைக்குக் கிடைத்த எழுத்தைப் போட்டு, அதற்கு ஒரு தங்க முலாமும் பூசிவிடுகிறார்கள்.

அடுத்தது மூலப்படம். வீடியோ உரிமை வாங்கியவர் கைக்குப் படத்தின் பிரதி வரும். போஸ்டருக்கு வரைந்த ஓவியம் வராது, அது அச்சகத்தோடு போய்விட்ட சரக்கு. அதனால் படத்தை ஓடவிட்டு ஒரு காட்சியைப் பிடிக்கிறார்கள். விசிடியில் ஒரு காட்சி 352க்கு 288 புள்ளி, அவ்வளவுதான். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்று வைத்தால், அது 3 செ.மீ. அகலத்துக்குத்தான் தாங்கும். அதை 12 செ.மீ.க்கு இழுத்தால் அங்குலத்துக்கு 75 புள்ளி. முகம் கூழாகிவிடும். தலையை அரைகுறையாக வெட்டிய ஓரம் வேறு பல்லிளிக்கும். அதை மறைக்கத்தான் பின்னால் நெருப்பு, மின்னல், ஒளிவட்டம் எல்லாம். கதையில் ஒரு தீக்குச்சி கூட எரிந்திருக்காது.

கே: கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் அட்டை போடுவது மோசடி இல்லையா? எங்கள் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ எடுத்த படங்களுக்கே இப்படிச் செய்கிறார்கள். (சேலம் குகைப் பகுதி வாசகர்)

ப: கலரை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல முடியாது. ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) தமிழின் முதல் முழுநீளக் கலர் படம், அதற்கு அந்த உரிமை பிறவியிலேயே உண்டு. ‘மந்திரி குமாரி’ (1950) கருப்பு வெள்ளைதான். ஆனால் அந்தக் காலத்தில் கருப்பு வெள்ளைப் படங்களுக்கும் போஸ்டரை வண்ணத்தில்தான் அடித்து ஒட்டினார்கள். பார்க்க வேண்டியது முகத்தின் வயது. 1950 படத்து அட்டையில் அதே நடிகரின் இருபது வருடம் பிந்திய ஸ்டில் இருந்தால் அதுதான் தப்பு. நெற்றி முடி, மீசை, கன்னச் சதை மூன்றையும் படத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இன்னொரு வகையும் உண்டு. இரண்டு காட்சியில் வந்து போனவர் பிற்பாடு பெரிய நட்சத்திரமானால், அட்டையில் அவர்தான் நாயகன்!

கே: அப்படியானால் பழைய போஸ்டர் எல்லாமே உசத்தியா? (ஓமலூர் வாசகர்)

ப: இல்லை. நாலு தலையை ஒட்டிவிட்டு நடுவில் துப்பாக்கி வரைந்த போஸ்டர்கள் அப்போதும் ஏராளம். நல்ல போஸ்டர் ஓடும் பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் ஒரே விஷயத்தைச் சொல்லும். ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ (1958) படத்துக்கு அமெரிக்க வடிவமைப்பாளர் சால் பாஸ் செய்த போஸ்டரில் ஆரஞ்சு நிறம், ஒரு சுழல், அதற்குள் விழும் இரண்டு உருவங்கள், எழுத்துகளைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது.

கே: என்னிடம் உள்ள போஸ்டரை வைத்து டிவிடிக்கு நானே அட்டை செய்ய ஆசை. முறை சொல்லுங்கள். (ஆத்தூர் வாசகர்)

ப: தாராளமாகச் செய்யலாம், டிவிடியின் அளவு போஸ்டருக்கு ஒத்துவரும். முன்பக்கம் 129.5, முதுகு 14, பின்பக்கம் 129.5 என்று மொத்தம் 273 மி.மீ. அகலம், உயரம் 183. 30க்கு 40 போஸ்டரை முன்பக்கத்தில் முழுசாக வைத்தால் உயரத்தில் 1 செ.மீ. மட்டும் மிஞ்சும். போஸ்டரின் ஓர நிறத்தையே எடுத்து அந்தப் பட்டையை நிரப்புங்கள். தலைப்பைத் தொட வேண்டாம்.

போஸ்டரைச் சுவரில் தட்டையாக நிறுத்திப் படம் எடுங்கள். கண்ணாடிச் சட்டம் இருந்தால் கழற்றிவிடுங்கள். இரண்டு விளக்கை இரு பக்கமும் 45 டிகிரி சாய்வில் வைத்தால் மடிப்புக் கோட்டின் நிழல் அடங்கும். ஒரே பக்கம் வெளிச்சம் வந்தால் ஒவ்வொரு மடிப்பும் வரப்பு மாதிரி தெரியும். செல்போன் என்றால் கிட்டே போகாமல் பின்னால் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டே போனால் நடு வயிறு பெருத்து ஓரம் வளையும்.

போஸ்டரில் தலைப்பு கிழிந்திருந்தால் அதே படத்தின் பாட்டுப் புத்தகத்தைத் தேடுங்கள். போஸ்டரில் இருந்த அதே எழுத்து பல சமயம் அதன் அட்டையிலும் இருக்கும், ஏ4 ஸ்கேனருக்குள்ளும் அடங்கும். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து பாதியாகக் குறையுங்கள். நேரே 300இல் எடுத்தால் அச்சுப் புள்ளிகள் சேர்ந்து பட்டுப்புடவை நெளிவு போலக் கோலம் விழும்.

கோப்பில் நாலு பக்கமும் வெட்டுக்கு 3 மி.மீ. கூடுதல் விடுங்கள். 279க்கு 189 மி.மீ., 300 டிபிஐயில் 3295க்கு 2232 பிக்சல். சின்ன எழுத்துகளைக் கருப்பு மை ஒன்றில் மட்டும் வையுங்கள். நாலு மையும் கலந்த கருப்பு அரை மி.மீ. நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் தட்டிவிடும். 12க்கு 18 அங்குலத் தாளில் இரண்டு அட்டை அடங்கும் என்பதால் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டால் செலவு பாதி. தாள் 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) ஆர்ட் பேப்பர் போதும். ‘கெட்டியா இருக்கட்டும்’ என்று 300 ஜிஎஸ்எம் போட்டால் உறைக்குள் நுழையாது, முதுகு மடிப்பில் மையும் உதிரும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த பிறகு மடியுங்கள்.

கடையில் அச்சுக்குப் போகும் முன் ‘ஒரிஜினல் சைஸ்ல போடுங்கண்ணா’ என்று சொல்லிவிடுங்கள். தாளுக்கு ஏற்றபடி சுருக்கும் அமைப்பில் போட்டுவிடுவார்கள், வீட்டுக்கு வந்தபின் அட்டை டப்பாவுக்குள் ஆடும். வெட்டுக் கூடுதலோடு 279 மி.மீ. வருகிறதா என்று அங்கேயே அளந்து பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள்.

கே: டிவிடியிலிருந்து கம்ப்யூட்டரில் பிடித்தெடுத்த காட்சியில் முகம் எல்லாம் ஒட்டடைக்குச்சி போல் நீள்கிறது. ஏன்? (அம்மாபேட்டை வாசகி)

ப: நம் ஊர் டிவிடிகளில் காட்சி பெரும்பாலும் 720க்கு 576 என்றே பதிவாகும், டிவியில் ஓடும்போதுதான் விரியும். அகலத்திரைப் பதிவு என்றால் 1024க்கு 576 என்று மாற்றுங்கள், பழைய டிவி வடிவம் என்றால் 768க்கு 576. ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடு வந்தால் யாரும் அசையாத காட்சியாகப் பிடியுங்கள். எப்படிப் பிடித்தாலும் 6 செ.மீ.க்கு மேல் பெரிதாக்காதீர்கள், பின்பக்கச் சிறு படங்களுக்கு மட்டும்தான் ஆகும்.

கே: பழைய வீடியோ கேசட் டப்பாவில் அட்டை பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டது. கேசட்டிலும் வெள்ளை பூத்திருக்கிறது. (ஏற்காடு வாசகர்)

ப: இழுக்காதீர்கள். தண்ணீரும் காட்டாதீர்கள், வழவழப்புத் தாளின் மேல்பூச்சு ஈரத்தில் பசையாகிவிடும். முதலில் பிளாஸ்டிக்கோடு சேர்த்தே ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் மூன்று நாள் வைத்து, உறையின் ஓரத்தை பிளேடால் கீறி, தாளை மேஜையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக்கை மட்டும் பின்னோக்கி மடக்கி உரியுங்கள். தாள் வர மறுத்து ஒட்டிக்கொள்ளும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

வெள்ளை பூத்தது பூஞ்சை. அந்தக் கேசட்டை ஓட்டினால் பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஏறி அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனியாகப் பையில் கட்டி வையுங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வரும் ஊர் உங்களுடையது. அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். புது உறை வாங்கினால் பிவிசி பிளாஸ்டிக் வேண்டாம், பாலிபுரோப்பிலீன் எடுங்கள். போஸ்டருக்கு லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது.

கே: தியேட்டரில் 150 நிமிடம் ஓடிய படத்துக்கு அட்டையில் 144 நிமிடம் என்று போட்டிருக்கிறது. ஆறு நிமிடத்தை வெட்டிவிட்டார்களா? (மேட்டூர் வாசகர்)

ப: அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். படச்சுருள் வினாடிக்கு 24 ஃப்ரேம், நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் பதிவான டிவிடி 25. அதே படம் கொஞ்சம் வேகமாக ஓடி 144 நிமிடத்தில் முடிந்துவிடும். சரிபார்க்க, படத் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் நீளத்தைப் பாருங்கள். 35 மி.மீ. சுருள் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது சுமார் 27.4 மீட்டர். 4,115 மீட்டர் என்றால் 150 நிமிடம். டிவிடி 130 நிமிடத்தில் முடிந்தால் நிச்சயம் கத்திரி விழுந்திருக்கிறது, பெரும்பாலும் பாட்டில்.

கே: டிவிடி அட்டையின் முதுகில் பெயரை எழுதுவது மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா? (ஏற்காடு அடிவாரம் வாசகர்)

ப: மேலிருந்து கீழ். டப்பாவை முன்பக்கம் தெரியப் படுக்கவைத்தால் முதுகுப் பெயரும் நேராகப் படிக்கக் கிடைக்கும். 14 மி.மீ.யில் எழுத்து 8 மி.மீ.க்கு மேல் வேண்டாம், கொம்பும் சுழியும் மடிப்பில் மாட்டிக்கொள்ளும்.