கேமராவைக் கீழே வைக்காத பெண்

அன்புள்ள ஐயா,

‘தி பிளேர் விட்ச் புராஜக்ட்’ படத்தைப் போன வாரம்தான் பார்த்தேன். நானும் ஃபவுண்ட் ஃபுட்டேஜ் பாணியில், அதாவது கதாபாத்திரங்களே எடுத்த வீடியோ பிறகு கிடைத்தது போன்ற பாணியில், ஒரு திரைக்கதை எழுதி வைத்திருக்கிறேன், ஒரு கிராமத்துச் சூனியக் கதை. கையில் பெரிய பணம் இல்லை. இந்தப் படத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கமே போகாதே என்று நண்பர்கள் சொன்னார்கள். பார்த்தேன், ஏமாந்தேன். சூனியக்காரி கடைசிவரை வரவே இல்லை. கேமரா ஆடுகிற ஆட்டத்தில் தலைவலிதான் மிச்சம். சூனியக்காரியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போன ஹெதர், ஜோஷ், மைக் என்ற மூன்று பேர் காட்டுக்குள் சண்டை போடுகிறார்கள், அவ்வளவுதான் கதை. அதிலும் அந்த ஹெதர் கத்திக்கொண்டே இருக்கிறாள், தாங்க முடியவில்லை. நடிகர்கள் காணாமல் போய்விட்டார்கள் என்று பொய் விளம்பரம் செய்து ஓட்டிய படம்தானே இது? 60,000 டாலரில் எடுத்து சுமார் 25 கோடி டாலர் வசூல் என்கிறார்கள். என் படத்தில் பேயை எந்த இடத்தில் காட்டலாம், எந்த கேமரா வாங்கலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

க.

அன்புள்ள க.,

எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. உங்கள் கடிதத்தையும் மூடப் போனேன். நடுவில் ‘ஹெதர் கத்திக்கொண்டே இருக்கிறாள்’ என்று ஒரு வரி இருந்தது. கொஞ்ச நாளாகவே எனக்கு அந்தப் பெண்ணின் நினைப்புதான். அதனால் மாட்டிக்கொண்டீர்கள்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். தலைவலி 1999இல் தியேட்டரில் பார்த்தவர்களுக்கும் வந்தது, சிலர் வாந்தியே எடுத்தார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. 60,000 டாலர் என்பது படப்பிடிப்பு அளவில் சொல்லப்படும் கணக்கு. படத்தை வெளியிட்ட ஆர்டிசன் நிறுவனம் அதைச் சுமார் 11 லட்சம் டாலருக்கு வாங்கி, அதற்கு மேல் ஒலி வேலைக்கும் விளம்பரத்துக்கும் கொட்டிய பணம் அதைவிடப் பல மடங்கு. அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு தயாரிப்பாளர் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள்.

சூனியக்காரி வரவில்லை என்ற குறையை உங்களுக்கு முன்பே அந்த நிறுவனமும் சொல்லிவிட்டது. முடிவு புரியவில்லை, வேறு எடுத்துக் கொடுங்கள் என்றார்கள். இயக்குநர்கள் டேனியல் மைரிக்கும் எடுவார்டோ சான்செஸும் மாற்று முடிவுகளை எடுக்கவும் செய்தார்கள். ஒன்றில் மைக் தூக்கில் தொங்குவான். பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒதுக்கினார்கள். சுவர் மூலையைப் பார்த்து ஒருவன் அசையாமல் நிற்கிற அந்த முதுகையே வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக ஆரம்பத்தில் ஒரு சின்ன விவரத்தை மட்டும் சேர்த்தார்கள். ரஸ்டின் பார் என்ற கொலைகாரன் ஒரு குழந்தையை மூலையைப் பார்த்து நிற்கவைத்துவிட்டு இன்னொரு குழந்தையைக் கொல்வான் என்று ஊர்க்காரர் ஒருவர் போகிறபோக்கில் சொல்வார். அது உங்கள் காதில் விழுந்ததா? கைப்பேசியில், நடுநடுவே மெசேஜ் பார்த்துக்கொண்டு பார்த்திருந்தால் விழுந்திருக்காது. அது நீங்கள் பார்த்த விதத்தின் கோளாறு.

கிராமத்துச் சூனியக் கதை என்கிறீர்களே, அதற்காக ஒன்று சொல்கிறேன். மேரிலாந்து மாநிலத்தில் பர்கிட்ஸ்வில் என்ற ஊர் நிஜம். சூனியக்காரி முழுக்கக் கற்பனை, அந்த இரண்டு இயக்குநர்களும் உட்கார்ந்து உண்டாக்கியது. ஊர்க்காரர்களிடம் பேட்டி எடுக்கிற காட்சிகளில் உண்மையான ஊர்க்காரர்களும் இருந்தார்கள், இயக்குநர்கள் முன்கூட்டியே அனுப்பிவைத்த நடிகர்களும் இருந்தார்கள். யார் எந்த ரகம் என்று கேள்வி கேட்ட மூவருக்கும் தெரியாது. ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒட்டாது. ஒட்டாததால்தான் நம்பத் தோன்றுகிறது. உங்கள் திரைக்கதையில் ஒரு கிழவர் உட்கார்ந்து முன்கதையைத் தலையும் வாலுமாக ஒப்பிக்கிறார் என்றால், இன்றே அவரை வெட்டிவிடுங்கள்.

சரி, ஹெதர்.

இந்த வகைப் படத்தில் பேய் எப்போது வரும் என்பது இரண்டாவது கேள்வி. உயிர் போகிற நேரத்திலும் இவர்கள் ஏன் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. நானோ நீங்களோ என்றால் இரண்டாம் நாளே கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு ஓடியிருப்போம். படமே இருந்திருக்காது. பலர் இந்தச் சிக்கலிலிருந்து நழுவிவிடுகிறார்கள். கண்காணிப்பு கேமரா என்கிறார்கள், படுக்கையறையில் ஸ்டாண்டு போட்டு நிறுத்துகிறார்கள். இங்கே நழுவவில்லை. அணைக்கவே மாட்டாத ஒரு பெண்ணை உண்டாக்கிக் கையில் கேமராவைக் கொடுத்தார்கள். பிடிவாதக்காரி, தன் படம் முடிந்தே ஆகவேண்டும் என்கிறவள், வழி தவறிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளாதவள், எல்லாரையும் அதட்டுகிறவள். எரிச்சல் வருகிறதா, வரத்தான் வேண்டும். அவள் நல்ல பிள்ளையாக இருந்தால் நீங்கள் பார்த்த அந்த 81 நிமிடமும் இல்லை.

அவள் ஏன் அணைக்கவில்லை என்பதையும் படமே சொல்கிறது. ஜோஷ் ஒரு கட்டத்தில் அவளுடைய வீடியோ கேமராவைத் தன் கையில் எடுத்துக்கொள்வான். உனக்கு இது ஏன் பிடிக்கிறது என்று இப்போது தெரிகிறது, இதன் வழியாகப் பார்த்தால் எதுவும் முழு நிஜமாக இல்லை, வடிகட்டித்தான் வருகிறது என்கிற மாதிரி பேசுவான். பயத்துக்கு அவள் கண்டுபிடித்த ஒரே மறைப்பு அந்த லென்ஸ். அதைக் கீழே வைத்துவிட்டால் காடு நேராக எதிரே நிற்கும். நீங்கள் கத்தல் என்று எழுதிய இடத்தில் எனக்குக் கேட்டது இதுதான்.

இன்னொன்று. வரைபடத்தை ஓடையில் உதைத்துத் தள்ளியது யார்? மைக். தள்ளிவிட்டு அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்வான். இந்தப் படத்தைத் திட்டி எனக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. மைக்கைத் திட்டி ஒன்றுகூட இல்லை. கடைசியில் கேமராவைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து, மைக்கின் அம்மாவிடமும் ஜோஷின் அம்மாவிடமும் தன் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்பவளும் அவள்தான். எல்லாம் என் பிடிவாதம், வழி தவறவில்லை என்று நான்தான் அடம்பிடித்தேன் என்கிறாள். நீங்கள் அவள்மேல் வைக்கும் குற்றச்சாட்டை அவளே உங்களைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள், தம்பி. பாதி முகம்தான் பிரேமில் இருக்கும், மூக்கு ஒழுகும். அழகாகத் தெரியவேண்டும் என்று நினைக்கிற எந்த நடிகையும் அந்த ஷாட்டை விட்டுவைத்திருக்க மாட்டார்.

ஒரு காலத்தில் ஓர் ஆவணப்படக் குழுவில் எடுபிடியாக இருந்தேன். இயக்கியவர் ஒரு பெண், எனக்கு மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு ராத்திரி, குறுக்கு வழி தெரியும் என்று ஒலிப்பதிவாளர் சொன்னதை நம்பி வண்டியைத் திருப்பினோம். வசமாக மாட்டிக்கொண்டோம். வண்டிக்குள் ஆளாளுக்குக் கத்தல். அக்காவும் கத்தினார், ஆனால் பேட்டரி தீரும்வரை ஜன்னல் வழியாக எடுத்துக்கொண்டே இருந்தார். மறுநாளே ‘அந்தம்மா பிடிவாதத்தாலதான் மாட்டுனோம்’ என்று கதை மாறிவிட்டது. குறுக்கு வழி யாருக்கும் நினைவில்லை. பிறகு ஒரு திரையிடலில் அந்த இருட்டுக் காட்சியைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள். அதே ஒலிப்பதிவாளர் எழுந்து, ‘அன்னைக்கு நாங்க விடாம எடுத்தோம்’ என்றார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

ஹெதராக நடித்த ஹெதர் டோனஹ்யூவுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. நடிகர் தேர்வில் உள்ளே நுழைந்ததுமே ஒரு கேள்வி காத்திருந்தது. நீங்கள் சிறையில் பல வருடம் கழித்துவிட்டீர்கள், உங்களை நாங்கள் ஏன் விடுவிக்கவேண்டும்? மற்றவர்கள் தங்களுக்காக வாதாடியபோது, விடுவிக்கக்கூடாது என்று சொன்னவர் அவர். 1997 அக்டோபரில் எட்டு நாள் படப்பிடிப்பு. கையில் சுமார் 35 பக்கக் கதைச் சுருக்கம், வசனம் கிடையாது. அன்றன்றைக்கு என்ன செய்யவேண்டும் என்று ஃபிலிம் டப்பாவுக்குள் தனித்தனியாகச் சீட்டு வரும், ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக்கூடாது. சாப்பாடு நாளுக்கு நாள் குறையும். ராத்திரியில் இயக்குநர்களே வந்து கூடாரத்தை உலுக்குவார்கள், குழந்தைகளின் குரலைப் போட்டுக் காட்டுவார்கள். காட்டில் நாம் பார்க்கிற காட்சிகள் நடிகர்களே எடுத்தவை, அதில் வீடியோவின் பெரும்பகுதி ஹெதர் கையில் இருந்தது. நடித்தார், வசனத்தைத் தானே பேசிக்கொண்டார், படமும் பிடித்தார். அதற்கு மோசமான நடிகைக்கான ராஸி, மோசமான படங்களைக் கிண்டல் செய்யும் விருது, கொடுத்தார்கள்! பக்கத்தில் நின்ற இரண்டு ஆண்களின் பெயரும் அந்த வருடம் மோசமான நடிகர் பட்டியலில் இல்லை.

விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரம் கொடுத்த படம் இது. தியேட்டரில் பார்வையாளர்களிடம் கேட்டு மதிப்பெண் போடும் சினிமாஸ்கோரில் கிடைத்தது சி பிளஸ். இந்த இடைவெளியைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அந்தக் கோபம் எங்கே போய் இறங்கியது என்பதைத்தான் யாரும் அதிகம் கேட்கவில்லை. நடிகர்கள் மூவரும் சொந்தப் பெயரிலேயே நடித்திருந்தார்கள். கதாபாத்திரத்தைத் திட்டினால் அது நேராக ஆளின் மேல் போய் விழும்.

நீங்கள் கேட்ட பொய் விளம்பரமும் இங்கேதான் வருகிறது. சண்டான்ஸ் திரைப்பட விழாவில் ‘காணவில்லை’ போஸ்டர், இணையதளம், சினிமாத் தகவல் தளமான ஐஎம்டிபியில் ‘காணவில்லை, இறந்திருக்கலாம்’ என்ற குறிப்பு. கெட்டிக்காரத்தனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் செத்தவர் எப்படிப் பேட்டி கொடுப்பார்? படம் வந்த நேரத்தில் அவர்களை வெளியே காட்டாமல் வைத்திருந்தார்கள். ஹெதரின் அம்மாவுக்கு அனுதாப அட்டைகள் வந்தன. அடுத்த படத்தில் தங்கள் பெயரையும் முகத்தையும் பயன்படுத்தியதற்காக மூவரும் வழக்குப் போட வேண்டியிருந்தது. சமரசத்தில் முடிந்தது. ஹெதர் பிறகு நடிப்பை விட்டார், பெயரையே மாற்றிக்கொண்டார்.

2024இல் புதிதாக ஒரு பிளேர் விட்ச் படம் எடுக்கப்போவதாக லயன்ஸ்கேட் என்ற பட நிறுவனம் அறிவித்தது. மூவரும் சேர்ந்து வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதினார்கள். தங்களுக்கு முறையான பங்குத் தொகை வேண்டும், எங்கள் பெயரை வைத்து ஏதாவது செய்தால் எங்களையும் கேளுங்கள் என்றார்கள். மூன்றாவதாக ஒன்று கேட்டிருந்தார்கள், அதை நீங்கள் படிக்கவேண்டும். முதல் படம் எடுக்க முயலும், பெயர் தெரியாத இயக்குநர் ஒருவருக்கு வருடத்துக்கு 60,000 டாலர் உதவித்தொகை. உங்களைப் போன்ற ஆளுக்குத்தான்! நீங்கள் தாங்க முடியவில்லை என்று எழுதிய பெண்ணும் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்.

திரைக்கதையை இப்போது அனுப்பவேண்டாம். அதில் கேமராவை வைத்திருப்பது யார், ஏன் அணைக்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். அது சரியாக வந்தால் பேயை எங்கே காட்டுவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம், காட்டாமலும் விடலாம்.

அப்புறம், கேமரா கேட்டீர்கள். ஹெதர் கையில் இருந்தது சாதாரணக் கடையில் வாங்கிய ஹை-8 வீடியோ கேமரா. படப்பிடிப்பு முடிந்ததும் அதே கடையில் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள் என்பார்கள். வாங்குவதற்கு முன்னால் பில்லின் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.