கைப்பேசியில் பிராசசரின் வெப்பநிலை: சில கேள்விகளும் பதில்களும்

தமிழில் ‘செயலி’ என்ற சொல் பிராசசரையும் குறிக்கிறது, ஆப்பையும் குறிக்கிறது. குழப்பம் நேராதிருக்க, இங்கே கணினியின் சில்லைப் பிராசசர் என்றும் கைப்பேசியில் நிறுவுவதைச் செயலி என்றும் எழுதுகிறேன்.

கேள்வி: என் விண்டோஸ் கணினி இரவு முழுவதும் காணொளி ரெண்டரிங் செய்கிறது. அடுத்த அறையிலிருந்து கைப்பேசியில் வெப்பநிலையைப் பார்க்க எளிய வழி எது?

லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டர் என்னும் இலவசத் திறமூல மென்பொருளை நான் பரிந்துரைப்பேன். அதன் ‘ஆப்ஷன்ஸ்’ பட்டியலில் உள்ள ‘ரிமோட் வெப் சர்வர்’ வசதியை இயக்கினால், அதே வைஃபையில் இருக்கும் கைப்பேசியின் பிரவுசரில் கணினியின் ஐபி முகவரியையும் அதையடுத்து 8085 என்ற போர்ட் எண்ணையும் இட்டு எல்லா அளவீடுகளையும் பார்க்கலாம். தனிச் செயலி எதுவும் தேவையில்லை. மென்பொருளை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் திறக்காவிட்டால் பிராசசரின் வெப்பநிலை வராமல் போகலாம். ஃபயர்வால் அனுமதி கேட்கும்போது ‘பிரைவேட்’ நெட்வொர்க்கிற்கு மட்டும் கொடுங்கள். கணினி ஸ்லீப் நிலைக்குச் சென்றால் பக்கமும் கிடைக்காது என்பதை மறந்துவிட்டு ரௌட்டரைக் குறை சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ‘சிபியு வெப்பநிலை’ என்று தேடி நிறுவிய செயலி 34 டிகிரி காட்டுகிறது, கணினியிலோ 70 என்று இருக்கிறது. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம், ஏனெனில் அந்தச் செயலி உங்கள் கைப்பேசியின் வெப்பநிலையைக் காட்டுகிறது. கணினியில் எதையும் நிறுவவோ இயக்கவோ கேட்காத செயலிக்குக் கணினியின் சூடு தெரிய வழியே இல்லை.

கேள்வி: கணினியின் நிலவரத்தை நிரல்களுக்குச் சொல்லும் விண்டோஸின் டபிள்யுஎம்ஐ வசதி வழியாக வெப்பநிலையை எடுத்துக் கைப்பேசிக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதினேன். எவ்வளவு வேலை கொடுத்தாலும் 3010 என்ற ஒரே எண்ணே வருகிறது. ஏன்?

அந்த எண் கெல்வினின் பத்தில் ஒரு பங்கு அலகில் உள்ளது. 3010 என்பது 301 கெல்வின், அதாவது 27.85 டிகிரி செல்சியஸ். ஆனால் அது பிராசசருக்குள் இருக்கும் சென்சாரின் அளவீடு அன்று. மதர்போர்டில் பதிந்துள்ள அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர் ‘தெர்மல் சோன்’ என்ற பெயரில் சொல்லும் மதிப்பு. பல போர்டுகள் அந்த இடத்தில் என்றும் மாறாத ஓர் எண்ணையே வைத்துவிடுகின்றன.

உண்மையான அளவீடு வேறு இடத்தில் இருக்கிறது. இன்டெல் பிராசசரின் ஒவ்வொரு கோரிலும் உள்ள சென்சார், உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி மீதமிருக்கிறது என்பதையே சொல்கிறது. வரம்பு 100 ஆகவும் மீதம் 38 ஆகவும் இருந்தால் மென்பொருள் கழித்துப் பார்த்து 62 என்று காட்டும். ஏஎம்டியில் வேறொரு வேடிக்கை உண்டு: ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகியவை விசிறிக் கட்டுப்பாட்டுக்காக உண்மையைவிட 20 டிகிரி கூட்டிச் சொல்லும், அதைக் கழிக்கத் தெரியாத பழைய மென்பொருள் வீணாகப் பயமுறுத்தும். ஆகவே ஸ்கிரிப்ட்டை டபிள்யுஎம்ஐயிலிருந்து விலக்கி, மேலே சொன்ன 8085 போர்ட்டிலேயே ஜேசன் (நிரல்கள் எளிதாகப் படிக்கும் உரை) வடிவில் கிடைக்கும் தரவைப் படிக்கச் செய்யுங்கள்.

கேள்வி: லினக்ஸில் எப்படி?

வெப்பநிலையைப் படிக்கும் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி, கைப்பேசியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக நுழைந்து ‘சென்சார்ஸ்’ கட்டளையை இட்டால் போதும். இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் வெப்பநிலையைத் தரும் கோப்பை நேரடியாகப் படித்தால் 54000 என்பது 54 டிகிரியைக் குறிக்கும். பிரவுசரில் பார்க்க விரும்பினால் கிளான்சஸ் என்னும் கண்காணிப்பு மென்பொருளை வெப் முறையில் இயக்குங்கள். அதன் போர்ட் 61208. வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினியில் பொதுவாக இவை எதுவும் வெப்பநிலையைக் காட்டா.

கேள்வி: வெளியூரில் இருக்கும்போதும் பார்க்க வேண்டும். ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து, அந்தப் பக்கத்தை வெளி இணையத்திலிருந்து திறக்க வழிவிடலாமா?

வேண்டாம். இத்தகைய பக்கங்கள் பெரும்பாலும் இயல்புநிலையில் கடவுச்சொல் கேட்பதில்லை. அவற்றை வழங்கும் மென்பொருளோ அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன், கர்னல் வரை செல்லும் டிரைவரோடு இயங்குகிறது. கண்காணிப்பு மென்பொருள்கள் பலவும் நம்பியிருந்த வின்ரிங்0 டிரைவரைப் பாதுகாப்புக் குறைபாட்டின் காரணமாக விண்டோஸ் டிஃபெண்டர் 2025இல் தடுக்கத் தொடங்கியது நினைவிருக்கலாம். வயர்கார்ட் அல்லது டெய்ல்ஸ்கேல் என்னும் விபிஎன் மென்பொருள் மூலம் கைப்பேசியையும் கணினியையும் ஒரே தனி நெட்வொர்க்கில் இணைத்துவிட்டால், மொபைல் டேட்டாவிலும் வீட்டு வைஃபையில் இருப்பதுபோலவே பக்கம் திறக்கும். உங்கள் ரௌட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் போர்ட் ஃபார்வர்டிங் எப்படியும் பலிக்காது. இணையச் சேவையாளர் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்திருக்கிறார் என்பது அதன் பொருள். டெய்ல்ஸ்கேல் அந்நிலையிலும் இணைப்பை ஏற்படுத்திவிடும்.

கேள்வி: 85 டிகிரியைத் தாண்டினால் டெலிகிராமில் செய்தி வருமாறு செய்தேன். இரவில் நாற்பது செய்திகள் வந்துவிட்டன. கணினிக்கு ஆபத்தா?

எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ரைசன் 7000 வரிசை முழுச்சுமையில் 95 டிகிரி வரை செல்லும்படியே வடிவமைக்கப்பட்டது. பல இன்டெல் பிராசசர்களின் வரம்பு 100. அதை எட்டும்போது அவை தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்பு 70இல் நின்ற அதே வேலை இப்போது 85ஐத் தொடுகிறது என்றால்தான் தூசியையும் விசிறியையும் தெர்மல் பேஸ்டையும் பார்க்க வேண்டும்.

ஒரு நொடியின் உச்சத்தை நம்பாமல், இரண்டு நிமிடம் தொடர்ந்து வரம்புக்கு மேல் இருந்தால் மட்டும் செய்தி அனுப்பச் செய்யுங்கள்; 75க்குக் கீழ் இறங்கிய பிறகே அடுத்த எச்சரிக்கைக்கு வழிவிடுங்கள். நாற்பது செய்தி ஒன்றாகிவிடும்.

செய்தியே வராத இரவைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். ஒருமுறை விடியும்வரை எச்சரிக்கை எதுவும் வரவில்லையே என்று நிம்மதியாக இருந்தேன். காலையில் பார்த்தால் விசிறி நின்று, கணினி சூட்டில் தானே அணைந்து கிடந்தது. அணைந்த கணினி எப்படிச் செய்தி அனுப்பும்? அதனால் இப்போது ராஸ்பெரி பை என்னும் ஒரு சிறு கணினி நிமிடத்திற்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறது. தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால் அது எனக்குச் செய்தி அனுப்பும். அந்த ராஸ்பெரி பையும் ரௌட்டரும் யுபிஎஸ்ஸில் இருக்கின்றன.