நோட்டைத் தூக்கிக்கொண்டு போகிற பையன்

கேள்வி: மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊர் எங்களுடையது. என் மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கடல் ஆமை, பவளப்பாறை, கரையோரக் குப்பை என்று வேலை செய்ய 12 வருடத்துக்கு முன்னால் ஒரு சங்கம் பதிவு செய்தார். அவர் தலைவர். ஆறு வருடமாக நான் செயலாளர். செயற்குழுவில் ஒன்பது பேர், யாருக்கும் சம்பளம் கிடையாது. கோரத்துக்கு, அதாவது கூட்டம் செல்லுபடியாக, குறைந்தது ஐந்து பேர் வேண்டும். நாலு பேர் வந்தாலே அதிகம். அறிக்கை, கணக்கு, ஆடிட்டர், அதிகாரிகள் எல்லாம் என் தலையில்தான். கடல்பாசி எடுக்கப் போகும் இரண்டு அக்காமாரும் செயற்குழுவில் இருக்கிறார்கள். பாவம், அவர்களால் கூட்டத்துக்கு வர முடியாது. எட்டாவது படிக்கும் என் மகன் சைக்கிளில் தீர்மான நோட்டை எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கி வந்துவிடுவான், சமர்த்து. இப்போது ஒரு கம்பெனி பாசி வளர்ப்புக்கு நிதி தருவதாகச் சொல்கிறது. மூங்கிலும் படகும் என் கொழுந்தனிடமே எடுப்பது என்று மாமனார் முடிவு செய்துவிட்டார். பொருளாளர் கோபித்துக்கொண்டு வருவதில்லை. மாமனாரை எதிர்த்து வீட்டில் யாரும் பேசுவதில்லை. கணவர், "உனக்கெதுக்கு இந்த வம்பு, விலகிவிடு" என்கிறார். விலகிவிடட்டுமா?

(பெயர் வேண்டாம், ராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: விலகுவதைப் பற்றி அப்புறம் பேசுவோம். இதே கடிதம் எனக்குக் கோயில் கமிட்டியிலிருந்து வந்திருக்கிறது, பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து வந்திருக்கிறது, வாசகர் வட்டத்திலிருந்தும் வந்திருக்கிறது. பட்டியலில் ஒன்பது பேர் இருப்பார்கள், ஒருவர் சுமப்பார். நீங்கள் செய்வது பெரிய தொண்டு என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். இப்போதைக்கு எனக்கு அதற்கு மனம் வரவில்லை. உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரி மீன்முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது.

உங்கள் மகனும் அந்தச் சைக்கிளும்.

பையன் எத்தனை மணிக்குப் போகிறான்? பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகுதானே? அந்த அக்கா கடலிலிருந்து கரையேறிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்குவதற்கு விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டு போவார்கள். மணிக்கணக்காக உப்புத்தண்ணீரில் முங்கி முங்கி எழுந்த கை அது. துணியை அவிழ்த்தால் விரல்நுனி வெளுத்துச் சுருங்கி, கீறல் கீறலாக இருக்கும். பாசியை உதறிக் காயப்போட்டுவிட்டு உலை வைக்கப் போகிற நேரத்தில் வாசலில் சைக்கிள் மணி. "அத்தே, தாத்தா கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க." பேனா பிடிக்க விரல் மடங்காது. பையன் நோட்டைப் பிரித்து இடத்தைக் காட்டுகிறான். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, அந்த அக்காவுக்கும் தெரியாது. சார் வீட்டுப் பேரன் வந்து நிற்கிறான், மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்?

இதைத்தான் சமர்த்து என்று எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? கோரம் ஐந்து, வருவது நாலு பேர். அப்படியானால் அந்த இரண்டு கையெழுத்து இல்லாமல் உங்கள் கூட்டம் எதுவுமே செல்லாது. நாலோடு இரண்டைச் சேர்த்து ஆறு என்று காட்டித்தான் சங்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நாலு பேரிலும் இரண்டு பேர் ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்கள். சங்கத்தையே தாங்கிப் பிடித்திருக்கும் இரண்டு பேரை நீங்கள் "பாவம்" என்கிறீர்கள்.

இதில் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. என் அப்பா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் இயக்குநராக இருந்தார். நோட்டு வீட்டுக்கு வரும். கொண்டுவரும் பையனுக்கு அம்மா மோர் கொடுப்பார், அவன் குடித்து முடிப்பதற்குள் அப்பா கையெழுத்துப் போட்டுவிடுவார். பிறகு ஒரு கடன் விவகாரத்தில் விசாரணை வந்தது. அவர் போகாத கூட்டத்தில், அவர் படிக்காத தீர்மானத்துக்குக் கீழே அவர் பெயர். ஒரு பைசா எடுக்காத மனிதர் எட்டு மாதம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். அந்த எட்டு மாதமும் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கவில்லை. நாளைக்கு உங்கள் சங்கத்தில் ஒரு கேள்வி வந்தால் அந்த அக்காமாரும் அப்படித்தான் போய் நிற்க வேண்டும். ஒருநாள் கடலுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும் அவர்களுக்கு.

சரி, "வர முடியாது" என்கிறீர்களே, யார் குறித்த நாளுக்கு? பாசிக்காரப் பெண்கள் காலண்டரைப் பார்த்துக் கடலுக்குப் போவதில்லை, நீரைப் பார்த்துப் போகிறார்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்ட ஊர்கள் உங்கள் பக்கத்தில் உண்டு. மீதி 18 நாளும் கரையில்தானே இருக்கிறார்கள்? உங்கள் கூட்டம் ஓய்வுபெற்றவர்களுக்கு வசதியான நேரத்தில் நடக்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஆறு வருடத்தில் ஒரு தடவையாவது "அக்கா, உங்களுக்கு எந்த நாள் தோது?" என்று கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள்.

உங்கள் கரையின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பவளத்தையும் ஆமையையும் காப்பாற்ற அது தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தீவோரம் பாசி எடுத்த பெண்களைக் கேட்டுக்கொண்டு யாரும் கோடு போடவில்லை. ஒருநாள் விடிந்து பார்த்தால், பிழைப்புக்குப் போவதே குற்றமாகிவிட்டிருந்தது. அப்புறம் அந்தப் பெண்களே கூடிப் பேசித்தான் இரும்புச் சுரண்டி வேண்டாம், கையால் எடுப்போம், இத்தனை நாள்தான் போவோம் என்று முடிவு செய்தார்கள். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமிக்கு 2015-ல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது இந்த வேலைக்காகத்தான். கடலை எப்படிக் காப்பது என்று உலகத்துக்கே சொல்லக்கூடியவர்கள் உங்கள் செயற்குழுவில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள். நீங்களோ அவர்களிடம் ஒரு சின்னப் பையனை அனுப்பிக் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறீர்கள்.

அதுவும் எந்தத் தீர்மானத்துக்கு? கம்பெனி நிதியில் என்ன பாசி வளர்க்கப் போகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. மூங்கில் தெப்பம் கட்டி 45 நாளில் அறுவடை செய்கிற அந்த வெளிநாட்டுப் பாசி, கப்பாபைகஸ் என்றால், கொஞ்சம் நில்லுங்கள். வளர்த்த இடத்தோடு அது நிற்கவில்லை. குருசடைத் தீவில் பவளத்தின் மேலேயே அது படர்ந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பவளத்துக்கு வெயில் வேண்டும். மேலே பாசி போர்வை மாதிரி மூடினால் அடியில் இருக்கிற பவளம் செத்துப்போகும். அதே நேரம், பாக் நீரிணைப் பக்கம் இந்தப் பாசியை வளர்த்து அடுப்பெரிகிற வீடுகளும் இருக்கின்றன. வேண்டும், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை இது. எந்த இடத்தில் நீரோட்டம் எப்படி ஓடுகிறது, அறுந்த துண்டு எங்கே போய் ஒதுங்கும், எந்தப் பாறையில் உயிருள்ள பவளம் இருக்கிறது என்பதெல்லாம் தினம் முங்குகிறவர்களுக்குத் தெரியும். மண்டபத்திலேயே கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கேயும் போய்க் கேளுங்கள். ஆனால் முதலில் அந்த இரண்டு பேரைக் கேளுங்கள்.

கொழுந்தன் விஷயத்தில் நான் நீட்டப் போவதில்லை. பொருளாளர் கோபப்பட்டது நியாயம். பொறுப்பில் இருப்பவரின் சொந்தக்காரருக்குச் சங்கத்துப் பணம் நியாய விலையை மீறிப் போனால், சங்கத்தின் வருமானவரி விலக்குக்கே ஆபத்து. மூன்று இடத்தில் விலை கேட்டு வாங்குங்கள். அந்தப் பேச்சு நடக்கும்போது உங்கள் மாமனாரும் நீங்களும் எழுந்து வெளியே போய்விடுங்கள், மற்றவர்கள் முடிவு செய்யட்டும். கொழுந்தனிடம் இதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். தம்பியிடம் பேச வேண்டியது அண்ணன். அதை மனைவி தலையில் போட்டுவிட்டு "வம்பு, விலகிவிடு" என்பது எந்த ஊர் வழக்கம்? இந்தப் பக்கத்தை அவரிடமே படிக்கக் கொடுங்கள்.

மாமனாரிடம் நீங்கள்தான் பேச வேண்டும். மரியாதை என்று சொல்லி வாயை மூடிக்கொண்டிருப்பதை நான் மரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பெரியவருக்கு வேளைக்கு மாத்திரை எடுத்து வைக்கிற மருமகள், அவர் பேர் கெடாமல் பார்த்துக்கொள்வதற்கும் கடமைப்பட்டவள். அவர் முப்பது, முப்பத்தைந்து வருடம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட மனிதர். வராத பிள்ளைக்கு வந்ததாகக் குறித்த ஆசிரியரை அவர் சும்மா விட்டிருப்பாரா? இதே கேள்வியை அவரிடம் கேளுங்கள். நாலு பேர் முன்னால் வேண்டாம். சாயங்காலம் அவர் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, "மாமா, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பியுங்கள். கோபப்படுவார். இரண்டு நாள் பேசாமல்கூட இருப்பார். நல்ல வாத்தியார் என்றால் மூன்றாம் நாள் அவரே நோட்டை எடுத்துப் பார்ப்பார்.

பையனைப் பற்றி இன்னும் சொல்லி முடிக்கவில்லை. அவனுக்குப் பதின்மூன்று வயது இருக்குமா? ஆமைக்குஞ்சைக் கடலில் விடும்போது அவனையும் கூட்டிப்போயிருப்பீர்கள், கரையில் பிளாஸ்டிக் பொறுக்கியிருப்பான். அதெல்லாம் அவன் மனதில் நிற்கும். ஏழைப்பட்டவர் வீட்டு வாசலில் நோட்டை நீட்டினால் கேள்வி கேட்காமல் கையெழுத்து வந்துவிடும் என்பதும் நிற்கும். அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது வேறு யாரோ இல்லை, சொந்த அம்மாவும் தாத்தாவும். நாளைக்கு அவன் ஒரு அதிகாரியாகவோ கம்பெனி ஆளாகவோ இதே கரைக்குக் காகிதத்தோடு வந்து நின்றால் என்ன செய்வான் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி விலகல். இப்போது விலகினால் மாவட்டப் பதிவாளரிடம் படிவம் 7 கொடுத்துப் பெயரை எடுத்துவிடலாம், சுலபம்தான். ஆறு வருடத்து நோட்டில் "கூட்டம் நடந்தது" என்று எழுதிய கை உங்களுடையது. அது எந்தப் படிவத்தாலும் அழியாது. தவிர, 1975-ஆம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது. நடுவில் பொதுக்குழுவைக் கூட்டி உங்களை மறுபடி தேர்ந்தெடுத்தார்களா? இல்லையென்றால் முதலில் அதை ஒழுங்கு செய்யுங்கள். வீட்டைக் கூட்டாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற வழக்கம் நம்மிடம் கிடையாது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்த வாரம் நோட்டை எடுத்துக்கொண்டு நீங்களே அந்த அக்காமார் வீட்டுக்குப் போங்கள். பையனும் வரட்டும். அவர்கள் குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் கால் நீட்டி உட்கார்ந்த பிறகு போங்கள். பாசித் தீர்மானத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பையன் சத்தமாகப் படிக்கட்டும். எத்தனை ரூபாய், யார் படகு, எந்தக் கடல், எல்லாம். அவர்கள் கேட்கிற கேள்வியை அவனே எழுதிக்கொள்ளட்டும். கையெழுத்துக் கேட்காதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒரு நாளை அவர்களைக் குறிக்கச் சொல்லுங்கள். அந்த நாளில், அவர்கள் கரையில், பாசி காய்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒன்பது பேரையும் கூட்டுங்கள். பொருளாளரை நேரில் போய் அழையுங்கள்.

அது முடிந்த பிறகும் விலக வேண்டும் என்று தோன்றினால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.