ஆக்ரிங்டன் பையன்கள் ஏன் போனார்கள்?

வணக்கம் ஐயா,

முதல் உலகப் போரில் பிரான்ஸில் நடந்த சோம் போர் பற்றிய உங்கள் கட்டுரையில், இங்கிலாந்தின் ஆக்ரிங்டன் ஊர் மில் பையன்கள் வரிசையில் நின்று ராணுவத்துக்குப் பெயர் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள். அப்போது கட்டாயம் எதுவும் இல்லை. தேசபக்திப் பேச்சில் மயங்கிப் போய்ச் செத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் யாரும் தடுக்கவில்லையா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

பேச்சு இருந்தது, பேண்டு வாத்தியமும் இருந்தது. ஆனால் 1914 கோடையில் அந்த ஊர் கிடந்த நிலையைப் பாருங்கள். பருத்தி மில்களில் முழுநேர வேலை இல்லை. ஊரின் பெரிய நெசவு இயந்திரத் தொழிற்சாலையில் ஜூலையிலிருந்து தொழில் தகராறு, ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் நின்றுபோயிருந்தது. செப்டம்பரில் மேயர் ஆள் சேர்க்க ஆரம்பித்தார். அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்த்துப் பத்தே நாளில் ஆயிரம் பேர் வந்துவிட்டார்கள்.

சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் (12 பென்ஸ் சேர்ந்த அந்நாள் பிரிட்டிஷ் நாணயம்) சம்பளம். கல்யாணமானவன் என்றால் வாரம் 7 ஷில்லிங்கில் மூன்றரையைப் பிடித்துக்கொண்டு, அரசு தன் பங்கையும் போட்டு மனைவிக்கு 12 ஷில்லிங் 6 பென்ஸ் தரும். கல்யாணமாகாத பையனின் அம்மாவுக்கு அப்படித் தானாக வராது. போருக்கு முன் அவன் வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தான் என்று காட்ட வேண்டும். கூலியை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கைச்செலவுக்குக் கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொள்ளும் பிள்ளைகள் அவர்கள். இதற்கெல்லாம் எந்த வீட்டில் கணக்கு எழுதி வைத்திருப்பார்கள்?

மனைவிகளையும் நிம்மதியாக விடவில்லை. நடத்தை சரியில்லாதவர்களுக்குப் பணத்தை நிறுத்தலாம், போலீஸ் கண்காணிக்கட்டும் என்று 1914 அக்டோபரிலேயே உள்துறை சுற்றறிக்கை அனுப்பியது. புருஷனைப் போருக்கு வாங்கிக்கொண்டு, பெண்டாட்டி குடிக்கிறாளா என்று வேவு பார்க்க ஆள் வைப்பது! இதை எப்போது படித்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

1916 ஜூலை 1 காலை, சோம் போர்முனையின் செர் கிராமத்தை நோக்கி, அந்த ஆயிரம் பேரைக் கொண்டு அமைந்த படைப்பிரிவில் எழுநூறு பேர் அளவில் முன்னேறினார்கள். அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 585 பேர் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே மில்லுக்குப் போனவர்கள் பலர். பத்திரிகைகளோ வெற்றிச் செய்தி போட்டுக்கொண்டிருந்தன. காயப்பட்டவர்கள் எழுதிய கடிதங்கள் வந்த பிறகுதான் ஊருக்கு விஷயம் புரிந்தது. அதிகாரி செத்தால் வீட்டுக்குத் தந்தி. சாதாரணச் சிப்பாய் செத்தால் தபாலில் பி.104-82 என்ற அச்சடித்த படிவம், பெயரும் தேதியும் நிரப்பி வரும்.

தடுக்கவில்லையா என்று கேட்டீர்கள். தடுத்தார்கள். வெளிநாட்டுப் போர்முனைக்கு 19 வயது ஆக வேண்டும் என்பது விதி. வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்த பையன்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிப் பெற்றோர் எழுதினார்கள். வயதுக்கு ஆதாரம் காட்டினால் சிறுவர்களைப் போர்முனையிலிருந்து எடுத்துவிடலாம் என்று 1916-இல்தான் போர்த்துறை இறங்கி வந்தது. அதற்குள் பல வீடுகளுக்கு அந்தப் படிவம் போய்விட்டிருந்தது.

அதனால் மயங்கிப் போனார்கள் என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அப்படிச் சொன்னால் பழி அந்தப் பையன்கள் மீதே விழுகிறது. சம்பளம் நின்ற ஊரில் ஆள் பிடித்தவர்களும், தாயிடம் ஆதாரம் கேட்டவர்களும் தப்பித்துக்கொள்கிறார்கள். போர் முடிந்த பிறகும் இது ஓயவில்லை. கல்லறைக் கல்லில் குடும்பம் தன் வார்த்தைகளைப் பொறிக்கலாம், 66 எழுத்துகளுக்குள். எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் என்று கட்டணம் வைத்தார்கள். எதிர்ப்பு வந்த பிறகுதான் அதை விருப்பம்போல் கொடுக்கலாம் என்று மாற்றினார்கள்.