மருத்துவர் பதில்: இடது காது மட்டும் ஏன் அடைத்தது?

பாம்பனிலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு,

இருபது வருடமாக விசைப்படகில் டிரைவராக இருக்கும் உங்கள் கணவருக்கு ஐந்து தொல்லைகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் என்னைப் பதற வைத்தது, நான்காவதாக ஒரே வரியில் நீங்கள் சொல்லிவிட்டுப் போனதுதான். 8 நாட்களுக்கு முன் காலையில் எழுந்தபோது அவருக்கு இடது காது மட்டும் சுத்தமாக அடைத்துப்போயிருந்தது என்கிறீர்கள். இஞ்சின் சத்தம் பெரும்பாலும் இரண்டு காதுகளையும் ஏறக்குறைய ஒரே அளவில், வருடக்கணக்கில், மெல்ல மெல்லத்தான் கெடுக்கும். ஒரே இரவில் ஒரு காதை மட்டும் அடைக்காது. உள்காது நரம்பு திடீரென்று செயலிழந்திருக்கலாம் என்று நான் அஞ்சுகிறேன். அதற்கு ஸ்டீராய்டு மருந்து தருகிறோம். அதை முதல் சில நாட்களில், தவறினால் இரண்டு வாரங்களுக்குள்ளாவது தொடங்கினால்தான் செவி திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. ஆகவே நாளைக் காலையிலேயே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நாளை தொழிலுக்குப் போகும் நாளாக இருந்தாலும் அவர் கடலுக்குப் போக வேண்டாம். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால், அவருக்குச் சர்க்கரை இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெறும் அழுக்கு அடைப்பாகவும் இருக்கலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று நீளமாக முனகச் சொல்லுங்கள். அடைத்த காதில் அந்த ஒலி பலமாகக் கேட்டால் பெரும்பாலும் அழுக்கோ நீரோதான். நல்ல காதில் பலமாகக் கேட்டால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். தட்டினால் ஒலிக்கும் உலோகக் கவையான இசைக்கவையை நாங்கள் நெற்றியின் நடுவில் அதிரவிட்டுப் பார்ப்பதும் இதைத்தான். ஆனால் எந்தப் பக்கம் கேட்டாலும் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் உறங்காமல் அஞ்சிக்கொண்டிருப்பது மூளைக்கட்டியைப் பற்றி. கைப்பேசி உங்களுக்குக் காட்டியது செவி நரம்பில் வரும் ஒரு கட்டி. அது அரிது, புற்றுநோய் அல்ல, பெரும்பாலும் மெதுவாக வளர்வது. ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம். அந்தப் பயத்திலேயே 8 நாட்கள் வீட்டில் உட்கார்ந்திருந்ததும், பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டதும், பிறகு மருந்துக் கடையில் கேட்டு ஜென்டாமைசின் சொட்டு மருந்து வாங்கி விட்டதும்தான் எனக்கு வருத்தம் தருகின்றன. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்தச் சொட்டு மருந்தே உள்காதைக் கெடுத்துவிடும். இரண்டையும் இன்றே நிறுத்துங்கள்.

இடுப்பு வலி, அதிரும் தளத்தில் மணிக்கணக்கில் நிற்பவர்கள் பலருக்கும் வருவது; அதற்குத் தினமும் வலி மாத்திரை போடுவது சிறுநீரகத்துக்குக் கேடு. இரவில் விரல் மரத்துப்போவது பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதால். சர்க்கரையைப் பரிசோதித்துக்கொண்டால் இப்போதைக்குப் போதும்.

இரண்டு காதிலும் இருக்கும் இரைச்சலும், தொலைக்காட்சியை உரக்க வைப்பதும் இஞ்சின் சத்தத்தால் வந்தவையாகவே தெரிகின்றன. இப்படி வருபவர்கள் என் எதிரில் இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, அக்கரையில் இருப்பவரைக் கூப்பிடுவது போலப் பேசுவார்கள். 'சத்தம் கேட்குது டாக்டர், சொல்லுதான் புரியலை' என்பார்கள். உள்காதின் மெல்லிய மயிர்ச் செல்கள், அதிலும் 4000 ஹெர்ட்ஸ் அளவிலான கூரிய ஒலியைப் பிடிப்பவை, முதலில் சாகின்றன. செத்தவை மீண்டும் முளைப்பதில்லை. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பஞ்சு இதைத் தடுக்காது. இஞ்சின் அறைக்குள் இறங்கும்போதெல்லாம் காதை முழுதாக மூடும் காதுமூடியை அவர் போட்டுக்கொள்ளட்டும். சுக்கானை இன்னொருவரிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு படகின் முன்முனையான அணியத்தில் போய்ச் சற்று நேரம் இருக்கட்டும்.

இடது காதின் அவசரம் தீர்ந்த பிறகு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு காதுகளுக்கும் மறுபடி செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். சத்தத்தால் தற்காலிகமாக மந்தமாகும் காது அப்போது தெளிந்திருக்கும். மிச்சமிருக்கும் குறைதான் நிலையான குறை. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த வருடச் சோதனையை அதோடு ஒப்பிட வேண்டும்.